பூட்டிய அறையில் ஒரு மணித்தியாலம்

கலைக் காட்சி எதற்குச் சென்றாலும் பார்வையாளருக்கு ஓர் உரிமை உண்டு. அதனைப் பற்றி நாம் ஒருபோதும் நினைப்பதில்லை. பிடிக்கவில்லையென்றால் எழுந்து போய்விடலாம் என்பதே அவ்வுரிமை. விடிய விடிய நடக்கும் நாட்டுக்கூத்தில் ஒருவர் இடையில் எழுந்து தேநீர் அருந்தி வருவதையும், இன்னொருவர் விரித்த பாயிலேயே உறங்கிவிடுவதையும் அண்ணாவியார் குற்றமாகக் கொள்வதில்லை. சித்திரக் காட்சியிலோ இன்னும் வசதி அதிகம். ஒரு படத்தின் முன் அரை நிமிடம் நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்து, 'நன்று' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம்.

இந்த உரிமையை ஒரு மாலைப் பொழுதில் ஒரு கலைஞர் பார்வையாளரிடமிருந்து பறித்துவிட்டார். பறித்த செயலையே தமது படைப்பு என்றும் சொன்னார். அவர் பெயர் கிரசியெலா கர்னெவாலே. 1942ஆம் ஆண்டு பிறந்தவர். இடம் தென் அமெரிக்காவில் ஆர்ஜென்ரீனா நாட்டின் ரொசாரியோ நகரம். நாள் 1968ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 7ஆந் திகதி. பார்வையாளரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் நிகழ்ச்சிக் கலை என்று இன்று பல நாடுகளிலும் பேசுகிறார்கள். அவற்றுட் பல வெறும் விளையாட்டாக முடிந்துவிடுகின்றன என்பது என் எண்ணம். ஆனால் ரொசாரியோவில் நடந்ததை அவ்வாறு தள்ளிவிட முடியவில்லை.

ரொசாரியோ, பரனா நதிக் கரையில் அமைந்த பெரிய துறைமுகப் பட்டினம். உள்நாட்டில் விளையும் தானியம் அங்கே கப்பலேறுகிறது. சே குவேரா 1928இல் அந்நகரிற் பிறந்தார். இக்கால மாணாக்கரோ அதனை உதைபந்தாட்ட வீரர் மெசியின் ஊர் என்றே அறிவர். 1966ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜெனரல் ஒங்கானியா என்பார் இராணுவத்தின் துணையோடு ஆட்சியைக் கைப்பற்றினார். பாராளுமன்றம் கலைக்கப்பட்டது, அரசியற் கட்சிகள் தடைசெய்யப்பட்டன. அதே ஆண்டு ஜூலை 29ஆந் திகதி இரவு புவனஸ் அயர்ஸ் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குள் பொலிசார் புகுந்து, ஆசிரியரென்றும் மாணவரென்றும் பாராது தடியால் அடித்து வெளியே துரத்தினர். 'நீண்ட தடிகளின் இரவு' என்று அந்நாட்டவர் அதனை இன்றும் குறிப்பிடுகிறார்கள். அதன் பின்னர் நூற்றுக்கணக்கான விரிவுரையாளர்கள் பதவி துறந்தனர். அவர்களுட் பலர் நாட்டையும் விட்டுப் போயினர்.

இத்தகைய காலத்தில் ரொசாரியோவின் இளங் கலைஞர் சிலருக்குத் தூரிகையும் வர்ணமும் போதவில்லை. 1968 மே மாதந் தொடங்கி ஒக்டோபர் வரை, பதினைந்து நாளுக்கு ஒருவராகத் தத்தம் புதிய முயற்சிகளைக் காட்டுவதென்று ஒரு தொடரை வகுத்துக்கொண்டனர். அதிற் சுவரிலே படம் மாட்டியவர்கள் அரியர். நொர்பேர்ட்டோ புசோலோ என்பவர் முதற் காட்சியில் நாற்காலிகளை வரிசை வரிசையாகப் போட்டு, அவற்றை வீதியை நோக்கிய கண்ணாடி யன்னலின் பக்கம் திருப்பி வைத்தார். வந்தவர்கள் அமர்ந்து வீதியைப் பார்த்தார்கள்; வீதியிற் போனவர்கள் நின்று இவர்களைப் பார்த்தார்கள். யார் காட்சி, யார் பார்வையாளர் என்பது எவருக்கும் விளங்கவில்லை. எட்வார்டோ பவாரியோ என்பவரோ காட்சி அறையையே மூடிக் கைவிடப்பட்ட இடம்போல் ஆக்கிவிட்டு, நகரின் வேறோர் இடத்திற்கு வரும்படி ஓர் அறிவித்தலை மட்டும் விட்டுச் சென்றார். இவையெல்லாம் சிரித்துக்கொண்டு ஏற்கக்கூடியவை. கர்னெவாலேயின் முறை கடைசியாக வந்தது.

தொடர் அப்போது நடைபெற்று வந்த இடம், கோர்டோபா வீதியில் மெலிபால் என்னும் கடைத்தொகுதிக்குள் இருந்த ஒரு கடை அறை. அறையில் ஒரு பொருளும் வைக்கப்படவில்லை. சுவர்கள் வெறுமையாக விடப்பட்டிருந்தன. ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடியாக இருந்தமையால் அதன்மேற் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டு, உள்ளே இருப்பவருக்கு வெளிப்புறம் தெரியாதவாறு செய்யப்பட்டிருந்தது. தொடக்க விழாவிற்கு அழைக்கப்பட்டவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தனர். எங்கே படைப்பு என்று அவர்கள் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருக்கையில், கர்னெவாலே வெளியே சென்று கதவை இழுத்துச் சாத்தி, ஆமைப்பூட்டுப் போட்டுப் பூட்டிவிட்டார்.

அவ்வளவுதான் படைப்பு. இனி உள்ளே நடப்பதெல்லாம் உள்ளே இருப்பவர்களின் கையில். முடிவு என்னவாகும் என்பது தமக்கும் தெரியாது என்பதைக் கர்னெவாலே எழுத்திலேயே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அன்றாட வாழ்வில் நம்மீது செலுத்தப்படும் வன்முறைக்கு நாம் எவ்வளவு பழகிப்போயிருக்கிறோம் என்பதை, வார்த்தையால் அன்றி உடம்பால் உணரச் செய்வதே தம் நோக்கம் என்பது அவர் தந்த விளக்கம்.

உள்ளே முதலில் எவரும் பெரிதாகக் கலங்கவில்லை. புதுமைக் கலைஞரின் காட்சி அல்லவா? ஏதோ நடக்கப்போகிறது என்று பொறுத்திருப்பதுதானே பண்பு? நேரம் போகப் போகக் கண்ணாடியில் ஒட்டியிருந்த சுவரொட்டிகளைச் சிலர் கிழித்தெடுத்தனர். தப்பிப்பதற்காக அன்று, வெளியே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக. வெளியே நின்றவர்களுக்கும் உள்ளே நின்றவர்களுக்கும் இடையே சைகைப் பேச்சுத் தொடங்கியது. சிலர் கதவின் பிணைச்சல்களைக் கழற்ற முயன்றனர். அரை மணித்தியாலம் கடந்தது. ஒரு மணித்தியாலமும் கடந்தது. அங்கே எடுக்கப்பட்ட புகைப்படங்கள் இன்றும் உள்ளன. கிழிந்த சுவரொட்டிகளுக்கு இடையே கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் அந்த முகங்களிற் கோபத்தைக் காட்டிலும் சங்கடமே மிகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. வந்த விருந்தினர் வீட்டில் விளக்கு அணைந்துவிட்டால் எப்படி நிற்பாரோ, அப்படி நிற்கிறார்கள்.

கண்ணாடி என்பது கண்ணாடிதான். காலால் ஓங்கி உதைத்தால் உடையும். அதனைப் பொறியியற் படித்தவர் வந்து சொல்லவேண்டியதில்லை. எனினும் உள்ளே இருந்த ஒருவரும் அதனை உடைக்கவில்லை. ஒரு மணித்தியாலத்திற்கு மேலாகியபின், வெளியே நின்ற ஒருவர், உள்ளே இருப்போரின் நிலையைக் கண்டு பொறுக்கமாட்டாமல், தாமே அதனை உதைத்து உடைத்தார். கண்ணாடி நொறுங்கி விழுந்தது. சிறைப்பட்டோருக்கு வழி பிறந்தது.

இனி நடந்ததுதான் இந்நிகழ்ச்சியின் உச்சம் என்று நான் கருதுகிறேன். கலைஞர் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் பாய்ந்து சென்று, கண்ணாடியை உடைத்தவரின் தலையிலே குடையால் அடிக்கத் தொடங்கினார்! ஏனென்றால், அம்மனிதர் ஒரு கலைப் படைப்பைக் கெடுத்துவிட்டாராம். மனிதரை மீட்க வந்தவருக்குக் கிடைத்த முதற் பரிசு குடை அடி. குடையெடுத்தவரைக் கொடியவரென்று நினைத்துவிடக் கூடாது. அவரும் இராணுவ ஆட்சியை வெறுத்தவர்களின் கூட்டத்திலே ஒருவர். ஆனால் அந்தக் கணத்தில் அவர் காத்து நின்றது பூட்டையே.

கர்னெவாலே எதிர்பார்த்தது இதுவன்று. உள்ளே இருப்பவர்களே ஒரு கட்டத்திற் சினங்கொண்டு கண்ணாடியை உடைத்து வெளியேறுவார்கள் என்பதே அவர் எதிர்பார்ப்பு. அந்த வகையிற் பார்த்தால் படைப்புத் தோற்றுப்போயிற்று. தோற்றதனால் அல்லவா அது நமக்குக் கூடுதலாகக் கற்றுத் தருகிறது? உடைத்திருந்தால், 'அடக்கினால் மக்கள் எழுவர்' என்ற பழைய பாடமாக அது முடிந்திருக்கும். உடைக்காமல் நின்றதனாலே, ஏன் உடைக்கவில்லை என்ற கேள்வி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் உயிரோடிருக்கிறது.

அதே 1968ஆம் ஆண்டில், அதே கண்டத்தின் வடபாதியில் வேறு இருவர் வேறொரு வழியில் இக்கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தனர் என்பது வியப்பு. நியூயோர்க் நகரத்து உளவியலாளராகிய பிப் லத்தானேயும் ஜோன் டார்லியும் அவ்வாண்டு ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். பல்கலைக்கழக மாணவர்களை ஒரு சிறிய அறையில் இருத்தி, ஒரு வினாக்கொத்தை நிரப்பும்படி கொடுத்தார்கள். அவர்கள் எழுதிக்கொண்டிருக்கையிற் சுவரிலுள்ள காற்றுத் துவாரம் வழியாக அறைக்குள் புகை வரத் தொடங்கும். தனியே இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் எழுந்து சென்று புகை வருவதை அறிவித்தனர். முன்பின் அறியாத மூவர் சேர்ந்திருந்தபோதோ, எட்டுக் குழுக்களில் மூன்றில் மாத்திரமே ஒருவராவது எழுந்து சென்று அறிவித்தார். ஆராய்ச்சியாளரின் ஏற்பாட்டின்படி எதுவும் நடவாததுபோல் அமர்ந்திருக்கும் இருவர் பக்கத்தில் இருந்தபோது, பத்துப் பேரில் ஒருவரே எழுந்தார். மற்றவர்கள் கையால் புகையை விலக்கிக்கொண்டும், இருமிக்கொண்டும், கண்ணைக் கசக்கிக்கொண்டும் வினாக்கொத்தை நிரப்பினார்களாம்.

காரணம் கோழைத்தனம் என்று ஆராய்ச்சியாளர் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கிறார். மற்றவரும் கலக்கத்தை வெளிக்காட்டாமல் இவர் முகத்தையே பார்க்கிறார். எல்லாரும் அமைதியாக இருப்பதைக் கண்டு, அஞ்ச ஒன்றுமில்லை என்று எல்லாரும் முடிவு செய்துவிடுகிறார்கள். பஸ் வண்டியில் ஒரு பெண்பிள்ளைக்கு அவமதிப்பு நேரும்போது ஐம்பது பேரும் யன்னலுக்கு வெளியே பார்ப்பதை நாம் கண்டதில்லையா? அந்த ஐம்பது பேரையும் தனித்தனியே கேட்டால் நல்லவர்களாகவே இருப்பார்கள்.

ரொசாரியோ அறையிலே இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அங்கே நடப்பது கலை என்ற பெயர் பெற்றிருந்தது. பெயர் பெரிய பூட்டு. பள்ளியில் 'ஒழுங்கு' என்றும், வீட்டில் 'குடும்ப மானம்' என்றும், நாட்டிற் 'பாதுகாப்பு' என்றும் பெயரிட்டுவிட்டால், பிறகு கதவைத் தட்டிப் பார்ப்பதற்கும் நமக்குக் கூச்சமாகிவிடுகிறது. வெளியே நின்று கண்ணாடியை உதைத்தவருக்கு அக்கூச்சம் இருக்கவில்லை. அவர் கண்டது கலையை அன்று, அடைபட்ட மனிதரை.

இவ்வளவு சொன்னபின் ஒரு கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. கர்னெவாலே செய்தது நியாயமா? நியாயமன்று என்றே நான் சொல்வேன். அந்த அறையில் தொய்வு நோயாளர் ஒருவர் இருந்திருந்தால் என்ன? கடைத்தொகுதியில் தீப்பற்றியிருந்தால் என்ன? வீட்டிலே குழந்தையை விட்டு வந்த தாய் ஒருத்தி இருந்திருந்தால் அவள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? கேட்காமல் ஒருவரைப் பூட்டி வைப்பது சிறைக்காவலன் தொழில். அதனை நல்ல நோக்கத்தோடு செய்தாலும் பூட்டு அதே பூட்டுத்தான். மேலும், அடக்குமுறையைப் பற்றி அறியவேண்டியவர் மாளிகையில் இருந்த ஜெனரல். அறையிற் பூட்டப்பட்டவர்களோ இளங் கலைஞரின் முயற்சிகளை ஆதரித்து மாலைப் பொழுதைச் செலவிட வந்தவர்கள். இக்கண்டனத்திற்கு முழுமையான மறுமொழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் முன்கூட்டிச் சொல்லி, சம்மதம் பெற்று, கையெழுத்தும் வாங்கிப் பூட்டியிருந்தால் அந்த ஒரு மணித்தியாலத்தில் எதுவும் வெளிப்பட்டிராது என்பதையும் மறுக்க இயலவில்லை. செய்யக் கூடாத ஒன்றைச் செய்ததனாலே அறியவேண்டிய ஒன்று அறியப்பட்டது. இவ்விரண்டையும் ஒரு தராசில் வைத்து நிறுக்க நான் முன்வரமாட்டேன்.

சம்மதத்தோடு பூட்டுவதற்கு இன்று ஒரு வியாபாரமே இருக்கிறது. காசு கொடுத்துப் பூட்டிய அறைக்குள் நுழைந்து, புதிர்களை அவிழ்த்து, குறித்த நேரத்துக்குள் வெளியேறும் விளையாட்டு 2007இல் ஜப்பானின் கியோத்தோ நகரிலே தொடங்கிப் பல நாடுகளுக்கும் பரவிவிட்டது. பிள்ளைகள் அதனைப் பெரிதும் விரும்புகிறார்கள். அதிற் குற்றமில்லை. நேரம் முடிந்ததும் ஒருவர் வந்து கதவைத் திறந்துவிடுவார் என்று எல்லாருக்கும் தெரியும். ரொசாரியோவில் அது தெரியாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அதிலேயே அடங்கிவிடுகிறது.

அன்று மாலை கண்ணாடி நொறுங்கியதோடு கதை முடியவில்லை. பொலிசார் வந்தனர். சே குவேரா பொலிவியாவிற் பிடிபட்ட நாள் 1967 ஒக்டோபர் 8. மறுநாள் அவர் கொல்லப்பட்டார். அதன் முதலாண்டு நினைவோடு இந்த ஆரவாரத்திற்குத் தொடர்பு உண்டென்று ஐயுற்ற பொலிசார் காட்சியை மூடிவிட்டனர். வெறும் அறையைக் காட்டுவதற்கும் தடை! தொடரும் அத்தோடு நின்றது. அக்கலைஞரிற் பலர் அடுத்த மாதமே தொழிற்சங்க மண்டபம் ஒன்றிற் புதிய காட்சியொன்றை அமைத்தனர். சீனி ஆலைகள் மூடப்பட்டு வறுமையுற்றிருந்த துக்குமான் மாகாணத்தின் நிலையை அது படங்களாலும் பதிவுகளாலும் எடுத்துக் காட்டியது. அதன் பின்னர் அவர்களிற் பலர் கலையையே நெடுங்காலம் கைவிட்டனர். கர்னெவாலேயும் அவர்களில் ஒருவர்.

கடைத்தொகுதியின் கதையோ இன்னும் எஞ்சியிருந்தது. 1969 மே மாதத்திற் கொரியெந்தெஸ் என்னும் நகரத்துப் பல்கலைக்கழக உணவுச்சாலையில் விலையை உயர்த்தியதை எதிர்த்து மாணவர் ஊர்வலம் சென்றனர். 15ஆந் திகதி ஹுவான் ஹொசே கப்ரால் என்னும் மாணவன் பொலிசாரின் குண்டுக்கு இரையானான். செய்தி கேட்டு ரொசாரியோ மாணவரும் வீதிக்கு வந்தனர். 17ஆந் திகதி பொலிசார் துரத்தவே, அவர்கள் கோர்டோபா வீதியில் எதிர்ப்பட்ட கடைத்தொகுதி ஒன்றுக்குள் ஓடிப் புகுந்தனர். அது மெலிபால். பொலிசார் பின்தொடர்ந்து உள்ளே நுழைந்தனர். அங்கே அகப்பட்டுக்கொண்டவர்களுள் அடோல்போ பேலோ என்னும் பொருளியல் மாணவன் தலையிற் சுடப்பட்டு உயிரிழந்தான். அவனுக்கு வயது 22. கர்னெவாலே ஆமைப்பூட்டுப் போட்ட மாலைக்கும் அந்த நாளுக்கும் இடையே எட்டு மாதங்கூட ஆகவில்லை.

நான்கு நாட்களின் பின்னர், மே 21ஆந் திகதி, அந்நகரிலே மௌன ஊர்வலம் ஒன்று நடந்தது. அதிலும் பொலிசார் சுட்டு, லூயிஸ் பிளாங்கோ என்னும் 15 வயதுச் சிறுவன் மாண்டான். ஆயின், அம்முறை எவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. மாணவரும் தொழிலாளரும் சேர்ந்து நகரின் மையப் பகுதியைத் தம் வசமாக்கினர். இராணுவம் வந்தே நகரைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒங்கானியா 1970 ஜூனிற் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். கலைக் காட்சி ஒன்று இதற்கெல்லாம் வித்திட்டது என்று சொல்வது மிகையாகும். அப்படிச் சொல்பவரை நம்பவேண்டாம். உணவு விலையும் பொலிசாரின் குண்டும் போதிய காரணங்களாக இருந்தன.

1976இல் ஆர்ஜென்ரீனாவில் மீண்டும் இராணுவ ஆட்சி வந்தது. அது முன்னையதை விடக் கொடியது. வீட்டில் ஒரு துண்டுப் பிரசுரம் அகப்பட்டாலும் ஆபத்து என்ற நிலையில், பழைய கடிதங்களையும் படங்களையும் பலர் தங்கள் கையாலேயே அழித்துவிட்டனர். கர்னெவாலே அழிக்கவில்லை. 1968ஆம் ஆண்டின் தாள்களையும் புகைப்படங்களையும் அந்த ஆட்சி முடிந்த 1983 வரையிலும், அதன் பின்னரும் காத்து வைத்தார். 2007ஆம் ஆண்டு ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த டொக்குமென்ரா என்னும் பெருங் கலைக் காட்சியில், அவர் காத்து வைத்த சேகரிப்பிலிருந்து அந்தக் கலைஞர் கூட்டத்தின் ஆவணங்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. பூட்டிய அறையைப் பற்றி நாம் இன்று அறிவதிற் பெரும் பகுதியும் அந்தச் சேகரிப்பிலிருந்து வந்ததே. அந்த மாலையிலே பிடித்த படம் ஒன்றில், உடைந்த கண்ணாடியின் ஓட்டை வழியாக ஒரு பெண் குனிந்து வெளியே வந்துகொண்டிருக்கிறாள்.